இரண்டு ஏப்ரல் எட்டு

1305, ஜனவரி 20. செபஸ்தியார் திருநாள்

பனியும் மழையும் கலந்து கொட்டுகிறது. குதிரையை வெளியே எடுக்க வழியில்லை. ஒதோ சாமியார் தாம் எழுதிக் கெடுத்த தோல்தாள் நாலைந்தைக் கொடுத்து, "கை சும்மா இருந்தா உனக்கு வாய் நீளும், எதையாவது எழுது" என்றார். கோட்டைக் கோயிலில் பூசை வைப்பவர் அவர். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அதனால் இப்படிப் பேச அவருக்கு உரிமை உண்டு. எழுதுகிறேன்.

பெயர் மிலோன். ரொஷ்மெல் கோட்டைக்குப் பிரபு. நாலு வயதிலிருந்து பிரபு. அப்பா காய்ச்சலில் போனார். மூன்று மாதம் கழித்துத் தங்கை சிபிலைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மாவும் போனாள். அன்று முதல் கோட்டை என்னுடையது, சாவி கோஷே சித்தப்பாவுடையது. பிரபு சிறுபிள்ளையாக இருந்தால் தகப்பன் வழியில் நெருங்கிய சொந்தம் அவன் பேரில் ஆளும். அவனுக்கு இருபத்தொன்று நிறைந்ததும் சாவியைக் கொடுத்துவிடும். கொடுத்துவிட வேண்டும்.

ஊரில் எல்லாருக்கும் இன்னும் நான் 'சின்ன எசமான்'தான். போன வருடம் தாடி வளர்த்துப் பார்த்தேன். தாடி வைத்த சின்ன எசமான் ஆனேன்.

ஏப்ரல் எட்டுக்கு இன்னும் எழுபத்தெட்டு நாள்.

ஜனவரி 25

எழுபத்து மூன்று. லாயத்துச் சுவரில் நான் கரிக்கோடு போட்டு எண்ணுவதைச் சிபில் கண்டுபிடித்துவிட்டாள். குதிரைகூடச் சிரிக்கிறதாம்.

பிப்ரவரி 2. மெழுகுதிரித் திருநாள்

பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் சித்தப்பா தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் யாருக்கோ கெடுதல் என்று அர்த்தம். சிபிலுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றாம். ப்ரெஸி பிரபு. தவக்காலத்தில் கல்யாணம் கூடாது என்பதால் ஈஸ்டர் முடிந்து இரண்டாவது செவ்வாய், ஏப்ரல் 12.

ப்ரெஸி பிரபுவுக்கு அறுபத்து மூன்று வயது. மூன்று மனைவிகளை மண்ணில் வைத்தவர். அவருடைய மூத்த மகனுக்கே சித்தப்பா வயது இருக்கும். சிபிலுக்குப் பதினாறு. அவள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளை நடந்து வருவாரா, தூக்கிட்டு வருவாங்களா சித்தப்பா?" என்று மட்டும் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ரொட்டியை அப்புறம் அவள் தொடவில்லை.

எனக்குக் கவலையே வரவில்லை. ஏப்ரல் எட்டில் நான் பிரபு. பன்னிரண்டில் கல்யாணம். நடுவில் நாலு முழு நாள் இருக்கிறது. தங்கையை யாருக்குக் கொடுப்பது என்று அப்போது சொல்ல வேண்டியவன் நான். இதை மனதோடு வைத்துக்கொண்டிருந்தால் நான் மிலோனே இல்லையே. எல்லார் முன்னிலையிலும் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பக்கத்துக் கோட்டைக்காரரின் இரண்டாவது மகன் ரெனியே விருந்துக்கு வந்திருந்தான். சின்ன வயதிலிருந்து என்னோடு சேர்ந்து குதிரையிலிருந்து விழுந்தவன். மேசைக்கு அடியில் என் முழங்காலை உதைத்தான். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

சித்தப்பா கோபப்படவே இல்லை. தலையைத் தலையை ஆட்டினார்.

பிப்ரவரி 4

நுணலும் தன் வாயால் கெடும். கெட்டேன்.

இன்று காலை சித்தப்பா அப்பாவின் சங்கீத ஜெபப் புத்தகத்தை மேசைமேல் விரித்துப் போட்டார். முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து: "1285-ஆம் வருடம், ஏப்ரல் எட்டாம் நாள், எனக்கு மகன் பிறந்தான். கர்த்தருக்குத் தோத்திரம்." நான் நூறு தடவை தடவிப் பார்த்த எழுத்து. சரிதானே என்றேன். எழுத்து சரிதான், எந்த ஏப்ரல் எட்டு என்று கேட்டார் சித்தப்பா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒதோ சாமியார் வெளிறிப் போனார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். புத்தாண்டுப் பரிசை ஜனவரி முதல் தேதியில் கொடுத்தாலும், எழுத்தில் எங்களுக்கு வருடம் மாறுவது ஈஸ்டரன்றுதான். இப்போதுகூட ஈஸ்டர் வரும்வரை 1305 என்றுதான் போட வேண்டும். ஈஸ்டரோ ஒரு இடத்தில் நிற்காது. சாமியார் அட்டவணையைப் புரட்டி விரலை மடக்கிப் பார்த்தார். 1285 பிறந்த ஈஸ்டர் மார்ச் 25. அடுத்த ஈஸ்டர் ஏப்ரல் 14. நடுவில் வந்ததெல்லாம் 1285. ஆக அந்தப் பாழாய்ப்போன வருடத்துக்கு இரண்டு ஏப்ரல் எட்டு! தொடக்கத்தில் ஒன்று, முடிகிறபோது ஒன்று. முதலாவதில் பிறந்திருந்தால் எனக்கு இந்த ஏப்ரலில் இருபத்தொன்று. இரண்டாவதில் என்றால் இருபதுதான்.

"ரெண்டாவதுடா தம்பி. நல்லா ஞாபகம் இருக்கு. இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்க" என்றார் சித்தப்பா.

ஒரு வருடம் நான் பொறுப்பேன். ஏப்ரல் 12 பொறுக்குமா?

பிப்ரவரி 5

அப்பா, பேனாவைக் கையில் எடுத்தவர் இன்னும் ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? 'ஈஸ்டருக்குப் பின்' என்று ஒரு வார்த்தை. மை தீர்ந்துவிட்டதா உங்களுக்கு?

சிபில் என்னைத் தேற்றினாள். அவளை நான் தேற்ற வேண்டியது. "தோல் யாருக்கு வருமோ அவன்கிட்ட ஆட்டுக்குட்டியைக் காவலுக்கு விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க. விடு அண்ணே, உன் தோல் தப்பிச்சுது. என் தோல்தான்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். 

பிப்ரவரி 8

வழி இருக்கிறது. எங்கள் நிலம் வால்சேன் கன்னியர் மடத்தின் கீழ் வருவது. மடத்துத் தலைமைத் தாயாருக்குத்தான் நாங்கள் பணிகிறவர்கள். வயதில் தகராறு வந்தால் தாயாரின் சபை தீர்க்கும். நான் பிறந்த நாளை நினைவு வைத்திருக்கும் ஏழு பேரை நான் நிறுத்த வேண்டும். அவர்கள் புனிதரின் எலும்புப் பேழைமேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். மார்ச் 11 வெள்ளிக்கிழமை வரச் சொல்லித் தாயார் ஆள் அனுப்பிவிட்டார்.

ஏழு பேர்தானே? பிறந்த அன்றே எனக்கு ஞானஸ்நானம், ஊரே அந்த விருந்தில் சாப்பிட்டிருக்கிறது.

பிப்ரவரி 12

ஊரே சாப்பிட்டது, ஊரே மறந்தது. ஞானஸ்நானம் கொடுத்த பழைய சாமியார் செத்துப் பத்து வருடம் ஆகிறது.

கொல்லன் க்ரெபானிடம் போனேன். என்னைக் கண்டதும் துருத்தியை நிறுத்திவிட்டு, அந்த நாளை மறப்பேனா என்றான். தன் கோவேறு கழுதை செத்த வருடமாம். அது எந்த வருடம் என்றேன். சின்ன எசமான் பிறந்த வருடம் என்றான்.

அடுத்து எர்மெலின். கோட்டைத் துணியெல்லாம் வெளுப்பவள், என் ஞானத்தாய்களில் ஒருத்தி. என்னை ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிப் போனவளே அவள்தான். இவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவளுடைய மூன்றாவது பையனுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்ததாம். அவனுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டேன்.

"உங்களைவிட ஒரு வயசு மூத்தவன்."

"எனக்கு என்ன வயசு?"

"அது எனக்கு எப்படித் தெரியும் எசமான்? அதைத்தானே தேடிக்கிட்டு வந்திருக்கீங்க."

கூட வந்திருந்த சிபில் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரெனியேயும் சிரித்தான். எனக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒன்பது பேரைக் கேட்டாயிற்று. ஒன்பது பேரும் சத்தியம் செய்யத் தயார். எதன்மேல் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 15. சாம்பல் புதனுக்கு முந்தின நாள்

நாளை முதல் நாற்பது நாள் இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை. அதனால் இன்று சமையல்காரன் இருப்பதையெல்லாம் சட்டியில் போட்டான். கூடம் முழுக்கப் புகை. ஆளுக்கு ஆள் தொத்திறைச்சியைப் பார்த்து, போய்வா என்று அழாத குறைதான். நான் மட்டும் என் துண்டை நாய்க்குப் போட்டேன்.

அப்போது சிபில் கத்தியைக் கீழே வைத்தாள். என் காதருகே வந்து கேட்டாள்: "அண்ணே, அந்த ரெண்டாவது ஏப்ரல் எட்டு தவக்காலத்துக்குள்ளயா வருது?"

சாமியாரை இழுத்து வந்தோம். வாயில் கொழுப்போடு விரல் மடக்கினார். இரண்டாவது ஏப்ரல் எட்டு, குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள். தவக்காலத்தின் கடைசி வாரமான பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை. முதல் ஏப்ரல் எட்டோ ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் கழிந்த ஞாயிறு.

"அப்போ யாரையும் வருஷம் கேக்காத. அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு கேளு" என்றாள்.

இந்த வீட்டில் பிரபுவாகப் பிறந்திருக்க வேண்டியது அவள்தான். இதை எழுதி வைக்கிறேன், அவளிடம் சொல்லப் போவதில்லை.

பிப்ரவரி 19

பன்றி!

எர்மெலினிடம் கேள்வியை முடிக்கவே இல்லை. கறுப்புப் பன்றி, இரண்டு பேர் சேர்ந்து தூக்க முடியாதது, தோல் மொறுமொறுவென்று வெந்திருந்தது, இடது பின்தொடையில் தனக்கு இரண்டு துண்டு கிடைத்தது, பக்கத்தில் உட்கார்ந்த ஆலைக்காரன் மனைவிக்கு மூன்று. அந்த மூன்றாவது துண்டை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. க்ரெபானுக்குப் பன்றியோடு வாத்து முட்டை அடையும் ஞாபகம் இருந்தது. கழுதை செத்த துக்கத்தில் ஆறு சாப்பிட்டானாம். குளக்காவல்காரன், தச்சன், ஆலைக்காரன் மனைவி, அப்புறம் இரண்டு பேர். எண்ணிவிட்டேன், ஏழு. வருடம் கேட்டால் மோட்டுவளையைப் பார்த்தவர்கள், சாப்பாடு கேட்டதும் நேற்று நடந்த மாதிரி சொல்கிறார்கள். தவக்காலத்துக் கருவாட்டைத் தின்றுகொண்டே சொல்வதால் கண்ணில் தண்ணீர் வேறு.

மார்ச் 10

நாளை. ரெனியே தன் நல்ல மேலங்கியை இரவல் கொடுத்தான். தோளில் பிடிக்கிறது. சிபில் கோயிலில் இருக்கிறாள். அவளை எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. இன்று ஒரே மெழுகுதிரியை மூன்று தடவை ஏற்றினாள்.

மார்ச் 11

 முதலிலிருந்து சொல்கிறேன்.

மடத்துச் சபைக்கூடம் ஈரமும் குளிருமாக இருந்தது. தாயார் குள்ளமான மனுஷி. காலுக்குக் கீழே கணப்புப் பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரு பக்கமும் மடத்துக்குப் பணிகிற பிரபுக்கள் எட்டுப் பேர். நடுவில் எலும்புப் பேழை. எங்கள் ஏழு பேரும் ஒவ்வொருவராகக் கை வைத்துப் பன்றியைச் சொன்னார்கள். எர்மெலின் மூன்றாவது துண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். ஆலைக்காரன் மனைவி அடுத்து வந்து, அது சின்னத் துண்டு என்று சத்தியம் செய்தாள். பிரபுக்கள் தாடிக்குள் சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சித்தப்பா எழுந்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. இவர்கள் பன்றி தின்றது உண்மை என்றார். ஏழை சனங்கள், ஓசிக் கறி கிடைத்தால் பரிசுத்த வாரம் என்றா பார்ப்பார்கள்? பாவம் செய்ததற்கு இவர்கள் சாட்சி, என் வயதுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூடத்தில் ஒரே கூச்சல். க்ரெபான் முஷ்டியை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தான். எர்மெலின் அழுதேவிட்டாள். ஐம்பது வருடமாக ஒரு தவக்காலத்தில்கூட முட்டை தொடாதவளாம். எனக்கு உள்ளே எல்லாம் இடிந்துவிட்டது. பிரபுக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா சொன்னதில் ஞாயம் இருப்பதுபோல அவர்களுக்குப் பட்டுவிட்டது. அது அவர்கள் முகத்தில் தெரிந்தது. திரும்பிச் சிபிலைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயார் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியதும், சித்தப்பாவைப் பேழைக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். கை வைக்கச் சொன்னார். பிறகு, சந்தையில் விலை கேட்பது போலக் கேட்டார்: "அந்த விருந்துல நீங்களும் உக்காந்திருந்தீங்களே கோஷே. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

சித்தப்பா பேழையைப் பார்த்தார், தாயாரைப் பார்த்தார். மீன் என்றால் புனிதரின் எலும்புமேல் பொய். பன்றி என்றால், ஒன்று அவர் பரிசுத்த வாரத்தில் கறி தின்ற பாவி, இல்லையென்றால் எனக்கு இருபத்தொன்று. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். அவர் கை பேழைமேல் இருந்தது. 

அப்புறம் அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். கன்னத்தை விரலால் இழுத்து, கடைவாயில் இருந்த ஓட்டையைத் தாயாருக்குக் காட்டினார்.

"விலா எலும்பைக் கடிச்சு அன்னிக்குத்தான் தாயாரே இந்தப் பல்லு போச்சு. பன்றிதான். ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு வாரம்."

மார்ச் 12

நேற்றுத் திரும்பி வரும்போது வேண்டுமென்றே என் குதிரையை அவர் குதிரைக்குப் பக்கத்தில் விட்டேன். திட்டத்தான். வாயில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார். ப்ரெஸி பிரபு தம் கீழ்க்கோட்டையை அவரிடம் விடுவதாகச் சொல்லியிருந்தாராம். "உனக்கு இருபத்தொண்ணு ஆனா எனக்குப் போக்கிடம் ஏதுடா? இளைய மகனாப் பிறந்து பாரு, தெரியும்" என்றார்.

அதற்காகச் சிபிலையா என்று கேட்டேன். அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பாதையைப் பார்த்தார்.  அவர்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆனாலும் பேழைமேல் வைத்த கையை எடுத்துக்கொண்டு மீன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழியில் ஒரு ஓடையருகே அவர் குதிரை வழுக்கியபோது என்னை அறியாமல் கடிவாளத்தைப் பிடித்தேன்.

1306, ஏப்ரல் 3. ஈஸ்டர்

புது வருடம். முட்டை. முட்டை. முட்டை. க்ரெபான் பதினொன்று.

ஏப்ரல் 8

இருபத்தொன்று. ஒரே ஒரு ஏப்ரல் எட்டு.

ஏப்ரல் 9

மடத்தில் பணிந்தேன். இடுப்பில் வாள் இல்லாமல், காலில் குதிமுள் இல்லாமல், தலையில் தொப்பி இல்லாமல், முழந்தாளிட்டுக் கைகளைக் கூப்பித் தாயாரின் கைகளுக்குள் வைத்தேன். சின்னச் சூடான கைகள். "நான் உங்கள் மனிதன்" என்று சொல்ல வேண்டும். சொன்னேன், குரல் பிளந்துவிட்டது. ஆண் பிரபுவாக இருந்தால் வாயில் முத்தம் கொடுத்து முடிப்பார். தாயார் என் நெற்றியில் சிலுவை போட்டு, வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தப் பெண்ணை நிம்மதியாகத் தூங்கச் சொல் என்றார்.

சித்தப்பா சாவிக்கொத்தை எல்லார் முன்னாலும் கொடுத்தார். நினைத்ததைவிடக் கனம்.

ப்ரெஸிக்கு ஆள் போய்விட்டது. கல்யாணம் இல்லை.

ஏப்ரல் 10. ஞாயிறு

விருந்து. பன்றிதான், வேறென்ன. எர்மெலினுக்கு நானே நாலு துண்டு எடுத்துப் போட்டேன். எல்லாரும் 'எசமான்' என்றார்கள். 'சின்ன' போய்விட்டது. அந்தச் சொல் ஒயினைவிட ஏறியது. ஒயினும் ஏறியது.

மேசைமேல் ஏறினேனா? ஏறினேன். கோப்பையைத் தூக்கி, என் தங்கையை என் உயிர் நண்பன் ரெனியேவுக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். கிழவனிடமிருந்து காப்பாற்றி நல்ல பையனாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

சிபில் எழுந்து நின்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"சித்தப்பாவாவது என்னைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் யோசிச்சாருண்ணே. நீ ஒரு கோப்பைதான் எடுத்துக்கிட்ட."

போய்விட்டாள்.

ஏப்ரல் 11

தலை இடிக்கிறது. என்னடா பண்ணித் தொலைச்ச மிலோன்?

நல்லதுதானே செய்தேன்? ரெனியே நல்லவன். இளைஞன். அவளைச் சிரிக்க வைப்பவன். இதில் என்ன தப்பு? இதையே காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். சித்தப்பாவும் ப்ரெஸியைப் பற்றி இதே குரலில்தான் சொன்னார்: பெரிய கோட்டை, நல்ல குடும்பம், இதில் என்ன தப்பு.

எனக்காக வீடு வீடாக அலைந்தவள் அவள். பன்றியைக் கண்டுபிடித்தவள் அவள். அவள் இல்லையென்றால் நான் இன்றைக்கும் சின்ன எசமான். பிரபு ஆனதும் முதல் வேலையாக அவளைத் தூக்கிக் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 12

சிபிலின் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள் இது.

ஏப்ரல் 14

வார்த்தையைத் திரும்ப வாங்க ரெனியே வீட்டுக்குப் போனேன். சண்டைக்கு வருவான், மானம் போயிற்று என்பான் என்று பயந்துகொண்டே போனேன். அவன் வேட்டைநாய்க்குக் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்: "நீ கத்தினப்ப எனக்குச் சந்தோஷம்தாண்டா. மறைக்க மாட்டேன். ஆனா நீ கோப்பையைப் பாத்துக்கிட்டிருந்த. நான் அவ முகத்தைப் பாத்தேன். அப்படி ஒரு முகத்தோட யாரும் எனக்கு வேணாம்."

நாயின் இன்னொரு காலை நான் பிடித்துக்கொண்டேன். முள் வந்துவிட்டது.

ஏப்ரல் 23. ஜார்ஜ் திருநாள்

முத்திரை வந்துவிட்டது. வயது வராதவனுக்கு முத்திரை கிடையாது, இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் சித்தப்பாவின் முத்திரைதான். இப்போது பித்தளையில் என் பெயர் சுற்றி ஓட, நடுவில் குதிரைமேல் நான். குதிரை கொஞ்சம் பன்றி மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, பொருத்தம்தான்.

முதல் முத்திரையை எதில் வைப்பது என்று யோசிக்கவே இல்லை. சாமியாரை உட்கார வைத்து எழுதச் சொன்னேன்: ரொஷ்மெல் பிரபு மிலோன் எழுதிக்கொடுப்பது, என் தங்கை சிபிலை, அவள் தன் வாயால் சரி என்று சொல்லாமல், நானோ எனக்குப் பின் வருகிற எவரோ யாருக்கும் கொடுப்பதில்லை. சாமியார் பாதியில் பேனாவை வைத்துவிட்டு, திருச்சபை இதைத்தான் நூறு வருடமாகச் சொல்கிறது, உங்களில் ஒருத்தர் காதில் போட்டுக்கொண்டீர்களா என்று என்னைத் திட்டினார். திட்டி முடித்து எழுதினார். பச்சை மெழுகில் அழுத்தினேன்.

சிபில் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இதைக் குடிச்சிட்டு எழுதலையே?"

"கிணத்துத் தண்ணிதான். அதுவும் அரைக் கோப்பை."

பதின்மூன்று நாளுக்கு அப்புறம் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, குதிரையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

மே 1

சித்தப்பாவை ஆற்றங்கரைக் கோபுரத்தில் இருக்கச் சொன்னேன். சொல்லும்படி சொன்னது சிபில். அவர் மூட்டையைக் கட்டிவிட்டு முற்றத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றதை மூன்று நாளாகப் பார்த்தாளாம். அவர் நன்றி சொல்லவில்லை. கோபுரத்துக் கூரை ஒழுகுகிறது என்று குறை சொன்னார்.

மே 30

புல் அறுப்பு. எழுத நேரமில்லை. பிரபு என்றால் நாள் முழுக்க வேலியைப் பற்றிய சண்டை கேட்பது. யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 24. ஸ்நாபக அருளப்பர் திருநாள்

இரவு கொளுத்தும் திருநாள் நெருப்புக்கு ஊர் முழுக்க இன்று விறகு அடுக்குகிறார்கள். கடைசி வண்டி விறகை எண்ணிக்கொண்டு வாசலில் நின்றபோது ரெனியே வந்தான். இரண்டு மாதமாக இந்தப் பக்கமே வராதவன். தலை வாரியிருந்தான், பார்க்கப் பாவமாக இருந்தது. மழையைப் பற்றிக் கொஞ்சம், நாயின் காலைப் பற்றிக் கொஞ்சம். அப்புறம் காது சிவந்து, சிபிலிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், நீ என்ன சொல்கிறாய் என்றான்.

என் நாக்கு நுனியில் ஆயிரம் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். தோட்டத்தில் பட்டாணி பறிக்கிறாள், அவளையே போய்க் கேள் என்றேன்.